செத்தது பூட் டிரைவ்தான்... போட்டோக்கள் இல்லை! - வீட்டு சர்வரை மீட்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. பேத்தியின் காதுகுத்து வீடியோவை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார் பாட்டி. டி.வி-யில் வழக்கமான ஆப்பைத் திறந்தால், 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்கிறது.

டி.வி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் அந்தப் பழைய சி.பி.யு-வைக் குனிந்து பார்க்கிறாள் வீட்டின் கடைக்குட்டி. ஃபேன் சுற்றுகிறது. விளக்கும் எரிகிறது. மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி... பூட் ஆகக்கூடிய டிவைஸ் எதுவும் இல்லையாம். முந்தைய இரவு மூன்று முறை கரன்ட் போய் வந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வருகிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு போன் போகிறது.

"அண்ணா, உன் டப்பா எழுந்திருக்கவே மாட்டேங்குது. பத்து வருஷ போட்டோ அதுலதானே இருக்கு? தாத்தா பேசின வீடியோகூட அதுலதான்..."

மறுமுனையில் ஒரு நொடி அமைதி. பிறகு, "பாப்பா, முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணு. எதையும் அமுக்காத. போட்டோ எங்கேயும் போயிருக்காது."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், வீட்டில் சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் சந்திக்கக்கூடிய காட்சி. அந்த அண்ணன் சொன்னது வெறும் ஆறுதலா, உண்மையா? பெரும்பாலும் உண்மைதான். அடுத்த ஒரு மணி நேரத்தில் யாராவது அவசரப்பட்டால் மட்டும் அது பொய்யாகிவிடும்.

வீட்டுக்குள் எப்படி வந்தது சர்வர்?

சர்வர் என்றாலே ஏ.சி அறையில் வரிசையாக நிற்கும் பெரிய பீரோக்கள்தான் நினைவுக்கு வரும். வீட்டு சர்வர் அப்படியல்ல. தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய டெஸ்க்டாப், உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை, கடையில் வாங்கும் சின்ன நாஸ் பெட்டி... இவற்றில் எது வேண்டுமானாலும் வீட்டு சர்வர் ஆகலாம். 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்; வீட்டில் உள்ள எல்லோருடைய போட்டோக்களையும், வீடியோக்களையும், ஆவணங்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும்.

கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் படங்களைச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அதன்பிறகு ஏற்றும் படங்கள் எல்லாம், ஜிமெயிலும் டிரைவும் சேர்ந்து பங்குபோடும் 15 ஜி.பி கணக்குக்குள் வந்துவிட்டன. 'மாதாமாதம் பணம் கட்டுவதற்கு பதில் நாமே வைத்துக்கொள்ளலாமே' என்று யோசித்தவர்களுக்கு, இலவச மென்பொருள்கள் கைகொடுத்தன. போட்டோக்களுக்கு இமிச், ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், டி.வி-யில் வீடியோ பார்க்க ஜெல்லிஃபின் எனப் பட்டியல் நீளும்.

வசதிதான். ஆனால், கிளவுடில் ஒரு டிஸ்க் செத்தால் அதை மாற்ற அங்கே ஆள் இருக்கிறார். வீட்டில் செத்தால், மாற்ற வேண்டியவர் நீங்கள்தான்.

டப்பாக்கள் இருக்கின்றன... அம்மாதான் ஊரில் இல்லை!

வீட்டு சர்வர்களில் பொதுவாக இரண்டு வகை டிரைவ்கள் இருக்கும். ஒன்று, பூட் டிரைவ். ஆபரேட்டிங் சிஸ்டமும் செட்டிங்குகளும் இருக்கும் இடம். பெரும்பாலும் சின்ன எஸ்.எஸ்.டி, பென் டிரைவ் அல்லது மெமரி கார்டு. இன்னொன்று, டேட்டா டிரைவ். போட்டோவும் வீடியோவும் இருக்கும் பெரிய ஹார்டு டிஸ்க்.

இதைப் புரிந்துகொள்ள சமையலறைக்குப் போனால் போதும். அலமாரியில் நாற்பது டப்பாக்கள். எதன் மேலும் பெயர் எழுதவில்லை. எதில் துவரம்பருப்பு, எதில் கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள் எந்த மூலையில் என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அம்மா ஊருக்குப் போய்விட்டார். இப்போது வீட்டில் மளிகை இல்லையா? இருக்கிறது. ஒரு பிடி அரிசிகூடக் குறையவில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் இல்லை.

பூட் டிரைவ் என்பது அந்த அம்மா. டேட்டா டிரைவ் என்பது அந்த டப்பாக்கள். பூட் டிரைவ் போய்விட்டால் மொத்த சர்வரும் செத்ததுபோல் தெரியும். ஆனால், போட்டோக்கள் தங்கள் இடத்தில் அப்படியே இருக்கும். பசியில் எல்லா டப்பாக்களையும் தரையில் கொட்டிப் பார்ப்பதுதான் ஆபத்து.

முதலில் போவது ஏன் பூட் டிரைவ்?

நல்ல ஹார்டு டிஸ்க்குகளைத் தேடித்தேடி வாங்குபவர்கள்கூட, பூட் டிரைவுக்கு வீட்டில் கிடக்கும் பழைய எஸ்.எஸ்.டி-யையோ பென் டிரைவையோ செருகிவிடுவார்கள். ஆனால், அதிக உழைப்பு அதற்குத்தான். சர்வர் என்ன செய்தது, யார் இணைந்தார்கள், எந்த ஆப் என்ன சொன்னது என்று லாக் ஃபைல்களை இரவும் பகலும் அதில்தான் எழுதிக்கொண்டே இருக்கும்.

எஸ்.எஸ்.டி, பென் டிரைவ், மெமரி கார்டு மூன்றுமே ஃபிளாஷ் மெமரி வகை. அதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கேமராவில் எப்போதாவது படம் சேமிக்கும் கார்டுக்கு இது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்க எழுதும் சர்வரில் இருக்கும் கார்டுக்குப் பெரிய விஷயம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனால், பாதி எழுதிய நிலையில் ஃபைல்கள் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

ஹார்டு டிஸ்க் சாகும்முன் டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கலாம். எஸ்.எஸ்.டி-க்கு அந்தப் பழக்கம் கிடையாது. நேற்று இரவுவரை நன்றாக ஓடிய டிரைவ், இன்று காலை கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியாமல் போய்விடலாம்.

முதல் ஒரு மணி நேரம்... செய்ய வேண்டியதும் கூடாததும்!

பெங்களூர் அண்ணன், 'ஆஃப் பண்ணு' என்றதற்குக் காரணம் இருக்கிறது. சாகப்போகும் டிரைவைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால், மிச்சமிருக்கும் கொஞ்ச உயிரும் போய்விடும். பதற்றத்தை ஓரம்கட்டிவிட்டு, வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

முதல் சந்தேகம், நிஜமாகவே டிரைவ்தான் போனதா? கேபிள் லூஸாக இருக்கலாம். பவர் சப்ளை பலவீனமாகியிருக்கலாம். பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால் மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர்.2032 எனும் பட்டன் செல். அது தீர்ந்துவிட்டால் பயோஸ் செட்டிங்குகள் மறந்துபோகும். எந்த டிரைவில் இருந்து பூட் ஆவது என்ற வரிசையும் மாறிப்போகும். டிரைவ் நன்றாகவே இருக்கும். கம்ப்யூட்டர் தவறான டிரைவில் போய்த் தேடிக்கொண்டிருக்கும். புது எஸ்.எஸ்.டி வாங்குவதற்கு முன், கடைக்குப் போய் அந்த பேட்டரியை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, போனை எடுத்து போட்டோ பிடியுங்கள். எந்த கேபிள் எதில் செருகியிருக்கிறது, ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கின் ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பர் என்ன... எல்லாம் படத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் மார்க்கரால் ஓர் எண் எழுதுவது இன்னும் நல்லது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டேட்டா டிஸ்க்குகளின் கேபிள்களைக் கழற்றி வையுங்கள். புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போடும்போது, 'எந்த டிஸ்க்கில் போடட்டும்?' என்று கேட்கும். அவசரத்தில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், பத்து வருடப் படங்களுக்கு மேல் புது சிஸ்டம் உட்கார்ந்துவிடும். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தத் தவறான கிளிக்கும் அழிக்க முடியாது.

இன்னொரு கண்ணி, விண்டோஸ் லேப்டாப். 'உள்ளே போட்டோ இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்' என டேட்டா டிஸ்க்கை அதில் செருகுவார்கள். வீட்டு சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ் வகையைச் சேர்ந்தவை. அந்த டிஸ்க்கின் அமைப்பை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை அது, 'காலி டிஸ்க்' என்றே நினைக்கும். 'ஃபார்மேட் செய்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?' என்று மரியாதையாகக் கேட்கும். ஒருபோதும் சரி என்று சொல்லாதீர்கள்.

ஒருவேளை டேட்டா டிஸ்க்கிலேயே கடகட சத்தம் வந்தால், அது வேறு கதை. உடனே நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்யும் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். ஒரு தூசு போதும், உள்ளே இருக்கும் தட்டு கீறிப்போக.

பழைய டிரைவுக்கு ஒரு கடைசி வாய்ப்பு

பேட்டரி, கேபிள் எல்லாம் சரி. பூட் டிரைவில்தான் பிரச்னை என்று தெரிந்துவிட்டதா? அதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முயற்சி செய்யலாம்.

உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை வேறொரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்ட முடியும். அப்படி ஓட்டிவிட்டு, பழைய பூட் டிரைவ் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். சில எஸ்.எஸ்.டி-க்கள் ஆயுள் முடிந்ததும் எழுத மட்டும் மறுக்கும்; படிக்க அனுமதிக்கும். அப்படியென்றால் அதிர்ஷ்டம்தான்.

இந்த வேலைக்கென்றே டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது டிரைவில் நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் நகலெடுக்கும். அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக முயலும். எதுவரை முடித்தது என்று குறித்துவைத்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செட்டிங் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்கள் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எதுவும் கிடைக்கவில்லையா? பரவாயில்லை. வேலை கூடும், அவ்வளவுதான்.

புது டிரைவ், பழைய டப்பாக்கள்

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். பழைய டெஸ்க்டாப். பூட் டிரைவாக ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. 4 டி.பி ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படும் 'மிரர்' முறையில். ஃபைல் சிஸ்டம், இசட்.எஃப்.எஸ். வீட்டு சர்வர்களில் அடிக்கடி காணும் அமைப்பு இது.

புது எஸ்.எஸ்.டி-யில் லினக்ஸை இன்ஸ்டால் செய்கிறோம். பழைய பதிப்பையோ, அதைவிடப் புதியதையோ போடுவது நல்லது. புது பதிப்பில் உருவான டிஸ்க் தொகுப்பைப் பழைய பதிப்பால் சில நேரங்களில் திறக்க முடியாது. இன்ஸ்டால் முடிந்து, ஒருமுறை சரியாக பூட் ஆனபிறகு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டேட்டா டிஸ்க்குகளை மாட்டலாம்.

இங்கேதான் நல்ல செய்தி. இசட்.எஃப்.எஸ் தன் தொகுப்பைப் பற்றிய தகவலை டேட்டா டிஸ்க்குகளிலேயே எழுதிவைக்கிறது. 'நான் இன்ன தொகுப்பைச் சேர்ந்தவன், என் ஜோடி இவன்' என்று டிஸ்க்குகளே சொல்லும். லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டும் அப்படித்தான். டப்பாவின் அடியில் அம்மா சின்னதாகப் பெயர் எழுதி வைத்ததுபோல!

செய்ய வேண்டியது, 'இம்போர்ட்'. செய்யவே கூடாதது, 'கிரியேட்'. முதலாவது இருப்பதைத் திறக்கும். இரண்டாவது இருப்பதன் மேல் புதிதாக உருவாக்கும். இம்போர்ட் செய்யும்போது, 'இந்தத் தொகுப்பை வேறொரு சிஸ்டம் பயன்படுத்தியிருக்கிறது' என்று எச்சரிக்கை வரலாம். பயப்பட வேண்டாம். அந்த 'வேறொரு சிஸ்டம்' செத்துப்போன பழைய பூட் டிரைவில் இருந்த நம் சிஸ்டம்தான்.

முதல்முறை படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் இம்போர்ட் செய்யலாம். திறந்ததும் முதல் வேலை, மிக முக்கியமான ஃபோல்டரை ஒரு யு.எஸ்.பி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பது. ஆப்களை மீட்பது, ஆல்பங்களை அடுக்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எல்லாம் இருக்கு... ஆனால் எதுவும் இல்லாத மாதிரி இருக்கே!

டிஸ்க் திறந்தபிறகும் நெஞ்சை அடைக்கவைக்கும் தருணங்கள் சில உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் பயப்படத் தேவையில்லை.

*காலி ஃபோல்டர்:* போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. காரணம், டேட்டா டிஸ்க் அந்த இடத்தில் இன்னும் 'மவுன்ட்' ஆகவில்லை. நீங்கள் பார்ப்பது, புது பூட் டிரைவில் அதே பெயரில் இருக்கும் வெற்று ஃபோல்டர். மவுன்ட் ஆனதை உறுதிசெய்த பிறகே ஆப்களை ஓட விடுங்கள். இல்லையென்றால் புதுப் படங்கள் பூட் டிரைவில் போய்க் குவியும்.

*அனுமதி மறுப்பு:* படங்களின் பெயர் தெரிகிறது, திறக்க முடியவில்லை. லினக்ஸ் ஒரு ஃபைலின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால் நினைவில் வைக்கிறது. புது சிஸ்டத்தில் உங்களுக்குப் பழைய எண்ணே கிடைக்கவில்லையென்றால், உங்கள் வீட்டுக்கே நீங்கள் அந்நியர். உரிமையை மாற்றி எழுதினால் சரியாகிவிடும்.

*முகங்கள் காணோம்:* இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். இமிச் போன்ற ஆப்பில் படங்கள் டேட்டா டிஸ்க்கில் இருக்கும். ஆனால், 'இது தாத்தா', 'இது கொடைக்கானல் டூர் ஆல்பம்' என்ற தகவல்கள் டேட்டாபேஸில் இருக்கும். அந்த டேட்டாபேஸ் பூட் டிரைவில் இருந்திருந்தால்? படங்கள் மிஞ்சும், பெயர்களும் ஆல்பங்களும் போய்விடும். ஃபோல்டர்களின் பெயர்கள்கூடப் புரியாத எழுத்துக் கோர்வையாக இருக்கலாம். எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் என்பதுதான் ஆறுதல்.

இமிச், தன் டேட்டாபேஸின் நகலை தினமும் தானாகவே எடுத்து, படங்கள் இருக்கும் இடத்திலேயே 'பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புது இமிச்சில் படங்களை ஏற்றத் தொடங்கும்முன்பே அதை மீட்டுவிடுங்கள். தாத்தாவின் முகம் பெயரோடு திரும்ப வரும்.

*சாவி எங்கே?* உண்மையான இழப்பு இங்கேதான் நேரும். டேட்டா டிஸ்க்குகளை என்கிரிப்ட் செய்து பூட்டியிருந்து, சாவி ஃபைல் பூட் டிரைவில் மட்டுமே இருந்திருந்தால், டிஸ்க்குகள் நலமாக இருந்தும் யாராலும் திறக்க முடியாது. பூட்டுப் போட்டவர், சாவியின் நகலை வேறிடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும்!

எல்லோரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்துவதில்லை. மீட்கும் வழியும் கொஞ்சம் மாறும்.

ட்ரூநாஸ் வைத்திருப்பவர்கள், அதன் செட்டிங்குகள் முழுவதையும் ஒரே ஃபைலாக டவுன்லோடு செய்து வைக்கலாம். புது டிரைவில் ட்ரூநாஸைப் போட்டு, அந்த ஃபைலை ஏற்றினால் பயனர்கள், ஷேர்கள் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

பிராக்ஸ்மாக்ஸில் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் வேறிடத்தில் இருந்தாலும், 'இதற்கு எவ்வளவு மெமரி, எந்த டிஸ்க்' என்ற குறிப்புகள் பூட் டிரைவில்தான் இருக்கும். அதன் வழக்கமான பேக்கப் வசதியைப் பயன்படுத்தியிருந்தால், அந்தக் குறிப்பும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும்.

அன்ரெய்டு, பென் டிரைவில் இருந்து பூட் ஆகும் அமைப்புக்காகவே பெயர்பெற்றது. அதில் இருக்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டரின் நகல் கைவசம் இருந்தால் போதும். நகல் இல்லாமல் புதிதாக அடுக்குபவர்கள், பேரிட்டி டிஸ்க் எது என்பதில் கவனமாக இருக்க வேண்டும். படங்கள் இருக்கும் டிஸ்க்கை அந்த இடத்தில் வைத்துவிட்டால், அது அழிந்துவிடும். சீரியல் நம்பரை போட்டோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள், நன்றாக ஓடும் காலத்திலேயே மெமரி கார்டின் முழு நகலை எடுத்து வைத்தால், புது கார்டில் அதை எழுதிச் செருகினால் வேலை முடிந்தது. ராஸ்பெர்ரி பை 4, 5 மாடல்களில் கார்டுக்கு பதில் எஸ்.எஸ்.டி-யில் இருந்தும் பூட் செய்யலாம்.

ஒரு சினிமாவையே காப்பாற்றிய வீட்டு கம்ப்யூட்டர்

'நமக்குத்தான் இப்படி... பெரிய கம்பெனிகளில் எல்லாம் இப்படி நடக்குமா?' என்று தோன்றலாம். நடந்திருக்கிறது.

1998. பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஓர் அழிக்கும் கட்டளையால், படத்தின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் கண்முன்னே மறைய ஆரம்பித்தன. 'பேக்கப் இருக்கிறதே' என்று எடுத்துப் பார்த்தால், அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. கடைசியில் கைகொடுத்தவர், படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சுஸ்மன். குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டு கம்ப்யூட்டரில் படத்தின் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வைகளில் சுற்றி, காரில் வைத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு சம்பவம். 2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பை எடுக்கப் போனால், அது பல நாட்களாகத் தோல்வியடைந்து வந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் இ-மெயில்களும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகளில் பல திரும்பக் கிடைக்கவில்லை. நடந்ததை மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது அந்த நிறுவனம்.

இரண்டு இடங்களிலும் பேக்கப் ஏற்பாடு இருந்தது. அது வேலை செய்கிறதா என்று யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த முறைக்கு இப்போதே தயாராகலாம்

பூட் டிரைவ் சாவதைத் தடுக்க முடியாது. அது சாகும் நாளை ஒரு சாதாரண நாளாக மாற்ற முடியும்.

* ஆப்களின் செட்டிங் ஃபைல்களையும் டேட்டாபேஸ் நகலையும் பூட் டிரைவில் மட்டும் விடாதீர்கள். டாக்கர் பயன்படுத்துபவர்கள் அதன் கம்போஸ் ஃபைல்களை டேட்டா டிஸ்க்கிலும், வெளியே ஓர் இடத்திலும் வையுங்கள். சில கிலோபைட் அளவுதான். இ-மெயிலில்கூட அனுப்பிவைக்கலாம்.

* மிரர், ரெய்டு என்பவை பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் செத்தால் மற்றொன்று காக்கும். ஆனால், நீங்கள் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால், இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

* 3-2-1 என்ற கணக்கை நினைவில் வையுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்தியது இது. மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று வேறோர் இடத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு, அந்த 'வேறோர் இடம்' ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தாலும் போதும்.

* ஸ்மார்ட் என்ற வசதி மூலம் டிரைவ்கள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே சொல்லும். மாதம் ஒருமுறை பாருங்கள். அது எல்லா மரணத்தையும் முன்கூட்டிச் சொல்லாது; சிலவற்றைச் சொல்லும்.

* ஒரு சின்ன யு.பி.எஸ் வாங்குங்கள். கரன்ட் போனதும் சர்வர் தானாக ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி அமைக்கலாம்.

* ஒத்திகை பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை பூட் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு டிரைவில் எல்லாவற்றையும் மீட்டுப் பாருங்கள். அன்றும் டேட்டா டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்ய மறக்க வேண்டாம். எந்த நாள் என்று குழப்பமா? மார்ச் 31 உலக பேக்கப் தினம்!

பீரோவில் வைக்க வேண்டிய நோட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே திரும்புவோம். பேட்டரியை மாற்றிப் பார்த்தாள் தங்கை. பலனில்லை. பூட் டிரைவ்தான் போயிருந்தது. பக்கத்துக் கடையில் சின்ன எஸ்.எஸ்.டி வாங்கி வந்தாள். வீடியோ காலில் அண்ணன் சொல்லச் சொல்ல, டேட்டா டிஸ்க்குகளைக் கழற்றி, லினக்ஸ் போட்டு, மறுபடி மாட்டி, இம்போர்ட் செய்தாள். சாயங்காலம் டி.வி-யில் காதுகுத்து வீடியோ ஓடியது. அதை முழுதாகப் பார்த்துவிட்டு, "தாத்தா பேசினதைப் போடு" என்றார் பாட்டி.

எல்லாம் முடிந்தபிறகு தங்கைதான் கேட்டாள். "அண்ணா, நீ போனை எடுக்காம இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அண்ணனிடம் பதில் இல்லை. பாஸ்வேர்டுகள், எந்த டிஸ்க் எதற்கு, எந்த ஃபோல்டரில் என்ன... எல்லாம் அவன் தலைக்குள் மட்டுமே இருந்தன. பூட் டிரைவை ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். அவன் ஃபிளைட்டிலோ, ஆஸ்பத்திரியிலோ இருந்திருந்தால் அவனுக்கு மாற்று யார்?

அதனால், கடைசி வேலை கம்ப்யூட்டரில் இல்லை. ஒரு நோட்டில்! என்ன மாடல் பெட்டி, என்ன ஆபரேட்டிங் சிஸ்டம், டிஸ்க்குகளின் சீரியல் நம்பர்கள், எது டேட்டா, எது பேக்கப், அட்மின் பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன் சாவி, வெளியூர் பிரதி யார் வீட்டில் இருக்கிறது, சர்வர் எழுந்திருக்காவிட்டால் செய்யக் கூடாதவை என்ன... ஒரே பக்கத்தில், வீட்டில் உள்ள எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதுங்கள். வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் பீரோவில், அவற்றோடு சேர்த்து வையுங்கள். ஏதாவது மாற்றினால், அன்றே நோட்டிலும் மாற்றுங்கள்.

அந்த வீட்டில் நோட்டின் முதல் வரியைத் தங்கை அன்றிரவே எழுதிவிட்டாள். 'டப்பா எழுந்திருக்கவில்லை என்றால்: முதலில் ஆஃப் பண்ணவும். ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லவும்.'